இன்க்ஸி விவரத்தை அனுப்பும் முன் ஒரு எழுத்து

"வைஃபை வரவில்லை" என்று மட்டும் எழுதினால் எங்களைப் போன்ற சிஸ்டம் அட்மின்களால் ஊகிக்கத்தான் முடியும். என்ன கார்டு, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் எது, எந்தக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) என்று தெரிய வேண்டும். லினக்ஸில் இதற்கெல்லாம் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. இன்க்ஸி (inxi) என்ற ஒரே கட்டளை அத்தனையையும் ஒரே இடத்தில் கொட்டிவிடும். நெட்வொர்க் பகுதியில் கார்டின் பெயர் இருந்து, 'டிரைவர்' என்ற இடத்தில் 'என்/ஏ' என்று வந்தால் பாதி வேலை முடிந்தது. கார்டு கண்ணுக்குத் தெரிகிறது, டிரைவர்தான் ஏறவில்லை.

முழு விவரம் வேண்டும் என்றால் கட்டளையோடு பெரிய எஃப் (-F) சேர்த்து ஓட்டச் சொல்வோம். பலரும் வந்ததை அப்படியே பொதுக் குழுவில் போட்டுவிடுகிறார்கள். அதில் கணினியின் பெயரும், நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியும் இருக்கும். சிறிய ஐயும் (-i) சேர்த்திருந்தால், இணையத்தில் உங்களைக் காட்டும் பொது ஐபி முகவரியும் வந்துவிடும்.

இன்னொரு பழக்கம் சுடோ, அதாவது நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டுவது. சாதாரணப் பயனராக ஓட்டினால், லேப்டாப் சீரியல் எண் வரவேண்டிய இடத்தில் 'சூப்பர்யூசர் ரெக்கொயர்டு' என்றுதான் வரும். ஏதோ குறைகிறதே என்று சுடோ போட்டு மறுபடி ஓட்டுவார்கள். லேப்டாப், மதர்போர்டு எண்கள் எல்லாம் வந்து விழும். வைஃபை சிக்கலுக்கு அவற்றால் எள்ளளவும் பயனில்லை. வாரண்டி விவரத்தைத் துருவ நினைப்பவருக்குத்தான் பயன்.

மேக் முகவரியை வைத்து எங்கோ இருக்கும் ஒருவர் உங்கள் கணினிக்குள் நுழைந்துவிட முடியாது. வீண் பயம் வேண்டாம். ஆனால் மேக் பட்டியல் பார்த்து ஆளை உள்ளே விடும் நெட்வொர்க்குகள் இன்னும் இருக்கின்றன. அங்கே இன்னொருவர் உங்கள் முகவரியைத் தன் கார்டுக்குச் சூட்டிக்கொள்வது ஓரிரு கட்டளை வேலை.

இதற்கு மருந்து சிறிய இசட் (-z). எஃப்புடன் சேர்த்து அடித்தால் ஐபி, மேக், சீரியல் எண்கள் இருந்த இடத்தில் 'ஃபில்டர்' என்ற சொல் மட்டும் நிற்கும். டிரைவர் விவரம் அப்படியே இருக்கும். ஐஆர்சி அரட்டைக்குள்ளிருந்து ஓட்டினால் இந்த வடிகட்டல் தானாகவே நடக்கும்; கட்டளை அடிக்கும் டெர்மினலில் நாம்தான் கேட்க வேண்டும்.

இசட்டுக்கும் எல்லை உண்டு. பார்ட்டிஷன் லேபிளை, அதாவது டிஸ்கின் ஒரு பகுதிக்கு நாம் வைக்கும் பெயரை, அது மறைக்காது. டிஸ்குக்குச் சொந்தப் பெயரையே லேபிளாக வைத்திருப்பவர்கள், லேபிள்களைக் காட்டும்போது இசட்-எல் (--zl) என்ற தனி ஆப்ஷனையும் சேர்க்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கட்டளை அடித்த வரியின் தொடக்கத்தில் பயனர் பெயரும் கணினிப் பெயரும் வழக்கமாக இருக்கும். அதை எந்த ஆப்ஷனும் தொடாது. படம் வேண்டாம், அந்த வரியை விட்டுவிட்டு மீதியை எழுத்தாகவே ஒட்டுங்கள். எங்களுக்கும் கார்டின் பெயரை நகலெடுத்துத் தேட வசதி.