வேன் கூரை ஏன் ஒழுகுகிறது?

வேனுக்குள் படுக்கையின் மேல் தண்ணீர் சொட்டினால், நேர் மேலே ஓட்டை இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அங்கே இருக்காது. மேல் தகட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவே சட்டங்கள் ஓடுகின்றன. எங்கோ நுழைந்த நீர், சட்டத்தை ஒட்டியே ஊர்ந்து, ஒரு திருகாணியோ மின்கம்பித் துளையோ வாய்க்கும் இடத்தில் கீழே விழுகிறது. வண்டியை வேறு சாய்வில் நிறுத்தினால் சொட்டும் இடமும் மாறிவிடும். சொட்டைப் பார்த்து அதற்கு மேலே பூச்சு அடிப்பதால்தான், கார்த்திகையில் அடைத்த ஒழுகல் மார்கழியில் திரும்பி வருகிறது.

கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகக் கோயில் பயணங்களுக்கு ஓடிய பழைய வேன்களை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்து வீடாக மாற்றுபவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். கூரை பொதுவாக நடுத்தகட்டில் ஒழுகுவதில்லை. துளையிட்ட இடங்களிலும் இரண்டு பொருள்கள் சேரும் இடங்களிலும்தான் ஒழுகுகிறது. ஏசி பொருத்திய சதுரம், காற்றாடி, சோலார் பலகையின் போல்ட்டுகள், கேரியர் கால்கள், பின்பக்க விளிம்பு இணைப்பு ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்த இடங்கள் விட்டுக்கொடுப்பதற்குக் காரணம் அசைவு. சித்திரை வெயிலில் கூரைத்தகடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மாலையில் ஒரு கோடை மழை அடித்தால் சில நிமிடங்களில் 30-க்கு அருகே இறங்கிவிடும். 6 மீட்டர் நீள அலுமினியத் தகடு 40 டிகிரி சூடேறினால் சுமார் 5.5 மில்லிமீட்டர் நீள்கிறது. அதே நீள எஃகு 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே நீள்கிறது. பிளைவுட் இன்னும் குறைவு. மூன்றையும் ஒரே திருகாணியால் இறுக்கியிருக்கிறோம். அவற்றின் இழுபறியை நாள்தோறும் தாங்குவது இடையில் வைத்த சீலன்ட், அதாவது இடுக்கை அடைக்கும் பசை மட்டுமே. புதிதாக இருக்கும்போது அது ரப்பர்போல் வளைந்து கொடுக்கும். புற ஊதாக் கதிர்கள் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்க அறுக்க, மென்மை தரும் எண்ணெய்ப் பொருள்களும் மெல்ல வெளியேறிவிட, அது கெட்டிப்படுகிறது. பிறகு தண்ணீர் வற்றிய நஞ்சை வயல்போல் வெடிக்கிறது.

வெடிப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருந்தாலும் ஆபத்து குறைவதில்லை. நுண்புழை ஏற்றம் என்று பள்ளியில் படித்தது இங்கே வேலை செய்கிறது. நீர் நன்றாக ஒட்டும் இரண்டு பரப்புகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடுக்கு இருந்தால், நீர் புவியீர்ப்பை மீறி ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் மேலே ஏற முடியும். ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை இரண்டு விரல் அகலம் ஏற்றி வைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கை இதனால் பொய்க்கிறது. வெளியே சீலன்ட்டால் ஒரு கோடு இழுத்தால் போதாது. பொருத்தியதைக் கழற்றி, பழைய சீலன்ட்டை முழுக்கச் சுரண்டி, இடுக்குக்கு உள்ளேயே பியூட்டைல் டேப் வைத்து இறுக்க வேண்டும். அது காயாமல் பிசுபிசுப்பாகவே இருந்து தகடுகளோடு சேர்ந்து அசையும். அதன் பிறகுதான் மேலே சீலன்ட்.

நுழைவாயைக் கண்டுபிடிக்க ஓர் அருமையான வழி உண்டு. கதவு, சன்னல்களை அடைத்து, ஒரு சன்னலில் மட்டும் ஊதுகாற்று விசிறியைப் பொருத்தி வேனுக்குள் காற்றைத் தள்ளுவார்கள். ஒருவர் மேலே ஏறி இணைப்புகளின் மீது சோப்புக் கரைசலைத் தெளித்துக்கொண்டே போவார். பெரும்பாலான இடங்களில் நுரை சும்மா கிடக்கும். கேரியர் காலின் ஓரத்தில் வந்ததும் சிறு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும். உள்ளிருந்து காற்று வெளியேறும் வழியே வெளியிலிருந்து நீர் நுழையும் வழி. சுண்ணாம்புக் கட்டியால் அங்கே ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த இணைப்புக்குப் போகலாம்.

கட்டை விரலால் கூரையை அழுத்திப் பார்ப்பதும் அவசியம். அமுங்கினால் அடியில் பிளைவுட் ஊறி மக்கியிருக்கிறது. அதை வெட்டி எடுக்காமல் மேலே பூசுவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய கேடு. 25 டிகிரியில் நீராவியின் செறிவுநிலை அழுத்தம், அதாவது அந்தச் சூட்டில் நீராவி தரக்கூடிய உச்ச அழுத்தம், சுமார் 3.2 கிலோபாஸ்கல், 60 டிகிரியில் அது 20 கிலோபாஸ்கலை நெருங்குகிறது. உள்ளே சிறைப்பட்ட ஈரம் அந்த அழுத்தத்தோடு புதுப்பூச்சை அடியிலிருந்து தள்ளிக் கொப்புளமாக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் நின்ற வண்டி என்றால் துருவும் சேரும். துருவை உப்புத்தாளால் தேய்த்து, நல்ல நீரால் உப்பைக் கழுவி, உலர்த்தி, எபாக்சி பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்த பிறகே அடுத்த வேலை.

நாகையில் கண்ணாடியிழைப் படகு பழுதுபார்ப்பவர்களிடம் வேன் கூரையையும் கொடுக்கிறவர்கள் உண்டு. கூரையே கண்ணாடியிழையாக இருந்தால் அது சரியான கை. படகுக்குப் பயன்படும் பாலியஸ்டர் பிசின் எஃகுத் தகட்டில் உறுதியாகப் பிடிப்பதில்லை. தகட்டின் அசைவில் ஓரங்கள் தூக்கிக்கொள்ளும்.

பூச்சு ஒட்டுமா என்று விரலே சொல்லும். கூரையைத் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டினால், வெயிலில் சிதைந்த பழைய மேற்பரப்பு அது. அதைக் கழுவாமல் அடிக்கும் பூச்சு பொடியைத்தான் பிடிக்கும், கூரையைப் பிடிக்காது. இறக்குமதியான பழைய வண்டிகளில் ரப்பர் கூரை இருக்கலாம். அதில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ படக்கூடாது. ரப்பர் உப்பிக் கெடும். முன்பு யாராவது சிலிக்கோன் பூசியிருந்தால் அதையும் முற்றிலும் அகற்றியாக வேண்டும். சிலிக்கோன் மேல் சிலிக்கோனைத் தவிர வேறொன்றும் நிலையாக ஒட்டாது.

பலரும் வாங்கும் வெள்ளை அக்ரிலிக் பூச்சு, நீரில் மிதக்கும் மிக நுண்ணிய பாலிமர் உருண்டைகள்தான். நீர் ஆவியாக, உருண்டைகள் நெருங்கி, நசுங்கி, ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாகின்றன. அதற்கு நேரமும் உலர்ந்த காற்றும் தேவை. இரவில் கூரை வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும் என்பதால், டெல்டாவின் பனிக்காலத்தில் தகட்டின் மேல் நீர் பூத்துவிடும். கலந்து முடியாத படலத்தின் மேல் அது பட்டால் பூச்சு மீண்டும் பாலாகக் கரையும். காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைதான் பனிநிலை; தகட்டின் வெப்பநிலை அதைவிட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும் என்று பூச்சுத் தொழிலில் விதி வைத்திருக்கிறார்கள். நண்பகல் தகட்டிலும் அடிக்கக்கூடாது. மேலே தோல் கட்டி அடியில் ஈரம் நின்றுவிடும். மாசி, பங்குனிக் காலைகள், பனி காய்ந்த பிறகு, மிகப் பொருத்தமானவை. கனமாக ஒரே பூச்சு வேண்டாம். மெல்லியதாக ஒன்று நீளவாக்கில், அது காய்ந்ததும் இன்னொன்று குறுக்குவாக்கில். நீர் தேங்கும் பள்ளம் கூரையில் இருந்தால் அக்ரிலிக் அங்கே ஊறி மென்மையாகிவிடும். பள்ளத்தை முதலில் நிமிர்த்துங்கள்.

மழைக்காலத்தின் நடுவில்தான் ஒழுகலைக் கண்டீர்கள் என்றால் பூச்சு டப்பாவைத் திறக்கவே வேண்டாம். நுழைவாயின் மேல் தற்காலிகமாகப் பியூட்டைல் டேப் ஒட்டி, காற்று நுழைய இடைவெளி விட்டுத் தார்ப்பாய் கட்டி, உட்கூரைப் பலகையில் ஒன்றைக் கழற்றி விசிறி போட்டு உலரவிடுங்கள். தை பிறந்து சட்டங்கள் நன்றாகக் காய்ந்தபின் பழுதைத் தொடங்கலாம்.