பன்னீர்ச் செம்பின் அடியில் கறுப்புக் கட்டங்கள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். முதல் படத்தில் புது வீட்டின் சாப்பாட்டு அறை. சுவரோரமாக இடுப்புயரத்துக்கு ஒரு சைடுபோர்டு, அதன் பின்னால் பெரிய நிலைக்கண்ணாடி, மேலே மஞ்சள் எல்இடி விளக்கு. பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், சீராக வந்த வெள்ளித் தட்டு என்று வரிசையாக அடுக்கி, ஓரத்தில் ஒரு ஜாடியில் மணி பிளான்ட் வைத்திருக்கிறார். நல்ல ரசனை. ஆனால் கிரகப்பிரவேசம் முடிந்து மூன்றே மாதத்தில் வெள்ளியெல்லாம் முதலில் தேன் நிறமாகி, இப்போது கறுத்துக்கொண்டு வருகிறதாம். "வந்தவங்க கண்ணெல்லாம் அதுமேலதான்" என்று மாமியார் பூசணிக்காய் சுற்றச் சொல்கிறாராம். அது உண்மையா என்பது கேள்வி.

பதில் அவர் அனுப்பிய இரண்டாவது படத்திலேயே இருந்தது. பன்னீர்ச் செம்பைக் கவிழ்த்து எடுத்த படம். மேற்புறம் பழுப்புதான், அடிப்புறத்திலோ சின்னச் சின்னக் கறுப்புக் கட்டங்கள், அச்சடித்த மாதிரி. பொருள்கள் வழுக்காமல் இருக்க அவர் விரித்திருக்கும் ரப்பர் விரிப்பிலும் அதே கட்டங்கள். கண் வைக்கிறவர் யாரும் செம்பைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுப் போவதில்லை.

வெள்ளி இரும்பு மாதிரி கிடையாது. சாதாரண வெப்பநிலையில் அது ஆக்சிஜனை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, துரு என்ற பேச்சே இல்லை. அதன் பலவீனம் கந்தகம். வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தால் சில்வர் சல்பைடு, அதுதான் அந்தக் கறுப்பு. ரப்பரில் கந்தகம் எப்படி வந்தது? பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் உறுதிப்படும் என்று சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து டயரானாலும் ரப்பர் பேண்டானாலும் உள்ளே கந்தகம் உண்டு. வெள்ளி ஸ்பூன்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்தவர்களுக்கு அந்தக் கறுப்பு வளையம் தெரிந்திருக்கும்.

மேற்புறம் பழுத்ததற்குக் காற்றில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு போதும். சாக்கடையிலிருந்தும் அவித்த முட்டையிலிருந்தும் வருகிற அதே வாயு. நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே வெள்ளிக்குத் தெரிந்துவிடும். காற்றில் ஈரம் கூடினால் வேலை இன்னும் சுறுசுறுப்பாக நடக்கும். கூவம் கரையில் குடியிருப்பவர்கள் வெள்ளியைத் திறந்த அலமாரியில் அடுக்குவது கொஞ்சம் துணிச்சல்தான்.

சைடுபோர்டு பிறந்ததே இப்படி வெள்ளியைக் காட்டத்தான். 15-ஆம் நூற்றாண்டில், இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம் இருந்த பர்கண்டி அரண்மனையில் பாத்திரம் அடுக்கும் மேடைக்கு எத்தனை படி இருக்கலாம் என்பதைக்கூட ஆளின் அந்தஸ்துதான் தீர்மானித்தது. கந்தகத்தின் தொல்லை பிற்காலத்து ஆங்கிலேயர் சாப்பாட்டு மேசையிலும் தெரியும்: முட்டை சாப்பிடும் வெள்ளிக் கரண்டியின் குழிக்கு மட்டும் தங்க முலாம் பூசுவார்கள், அல்லது எலும்பிலோ சிப்பியிலோ கரண்டி செய்துகொள்வார்கள்.

சரி, கறுத்ததை என்ன செய்வது? நம் வீடுகளில் விபூதி போட்டுத் தேய்ப்போம், பல்பொடியும் உண்டு. பளபளப்பு வந்துவிடும். ஆனால் தேய்க்கும்போது துணியில் படிகிற கறுப்பு வெறும் அழுக்கு அல்ல, அதில் பாதிக்கு மேல் வெள்ளி. சில்வர் சல்பைடின் எடையில் நூற்றுக்கு 87 பங்கு வெள்ளிதான். பாட்டி காலத்துச் சிமிழில் பூ வேலைப்பாடு மழுங்கியிருப்பது இப்படித்தான்.

வெள்ளியைத் தொடாமல் கந்தகத்தை மட்டும் வெளியே அனுப்ப ஒரு வழி இருக்கிறது. பிளாஸ்டிக் டப்பில் அலுமினியம் ஃபாயிலை விரித்து, எங்கள் வீட்டில் கறுத்திருந்த பன்னீர்ச் செம்பை அதன்மேல் ஃபாயில் படும்படி வைத்தேன். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, லிட்டருக்கு நாலைந்து ஸ்பூன் ஆப்ப சோடா போட்டேன். நுரை பொங்கியது. ஒரு நிமிடத்தில் ஒரு நாற்றம். முட்டையே நுழையாத எங்கள் சமையலறையில் அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா, முட்டை அவிக்கிறியா?" என்றார். கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகப் புறப்பட்டுப் போகிற வாசனை அது. எனக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை. (ஜன்னலைத் திறந்து வையுங்கள்.)

உள்ளே நடப்பது இதுதான். கறுத்தபோது ஒவ்வொரு வெள்ளி அணுவும் ஒரு எலக்ட்ரானைக் கந்தகத்திடம் இழந்திருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது மறுபடி வெள்ளி உலோகம். யார் கொடுப்பது? அலுமினியம். எலக்ட்ரானைத் தள்ளிவிட அதைப் போல அவசரப்படும் உலோகம் சமையலறையில் வேறில்லை. ஆனால் அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு போர்வை இருக்கும். சூடான சோடாக் கரைசல் அதைக் கரைக்கிறது. போர்வை போனதும் எலக்ட்ரான்கள் ஃபாயிலிலிருந்து, அது செம்பைத் தொடுகிற புள்ளி வழியாக, வெள்ளிக்குள் ஓடுகின்றன. வெள்ளியைப் போல மின்சாரம் கடத்தும் உலோகம் வேறில்லை, அதனால் செம்பின் எந்த மூலையில் கறுப்பு இருந்தாலும் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். தண்ணீரில் அயனிகள் நகர்ந்து சுற்றை முடித்துவைக்கின்றன.

நான் கண்ணெடுக்காமல் பார்த்தது இதைத்தான்: ஃபாயில் தொட்டது செம்பின் விளிம்பில் ஓரிடம். வெளுத்ததோ எதிர்ப்பக்கக் கழுத்தும் சேர்த்து. கறுப்பு ஊதாவாகி, பழுப்பாகி, தேனாகி, காணாமல் போனது. படலம் மெலிய மெலிய அதில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டுக் காட்டுகிற நிறங்கள் அவை, மழைத்தண்ணீரில் மிதக்கும் பெட்ரோல் மாதிரி. கறுத்தபோது வந்த நிறங்களெல்லாம் பின்வாங்கிப் போவதைப் பார்க்கிறோம். நடந்தது ஒரு மின்கலம், பல்பு மட்டும் இல்லை. ஃபாயிலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், மங்கிப்போய் அங்கங்கே ஊசித் துளைகள் இருக்கும். செம்புக்காக அது கரைந்திருக்கிறது.

திரும்பி வந்த வெள்ளி கொஞ்சம் மொரமொரப்பாகப் படியும், அதனால் மெத்தென்ற துணியால் ஒருமுறை துடைத்தால்தான் பளபளக்கும்.

இதே எண்ணத்தை மின்சாரம் பாய்ச்சிச் செய்த இடம் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-ல் தொடங்கிய வேதியியல் ஆய்வகம். களிம்பேறிய வெண்கலச் சிலைகளை அங்கே மின்னாற்பகுப்பு முறையில் மீட்டார்கள். எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளரின் பெயரை அந்தத் துறையில் இன்றும் சொல்வார்கள். எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு மருந்துக் கம்பெனி தவிர வேறு வழி தெரியாமல் நிற்கும் பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். சிலை திருட்டு என்றால் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இருக்கிற சிலை களிம்பில் கரைவதைத் தடுக்கும் படிப்புக்கு எவ்வளவு பணம் ஒதுக்குகிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

வாசகிக்கு நான் எழுதியது: ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டுத் துவைத்த பருத்தித் துணி விரியுங்கள். கம்பளி வேண்டாம், அதன் இழையிலேயே கந்தகம் இருக்கிறது. அடித்தட்டில் வெங்காயக் கூடை இருந்தால் வெளியேற்றுங்கள். வெள்ளியைக் கதவுள்ள தட்டுக்கு மாற்றி, மூலையில் ஒரு துணிப்பையில் கரித்தூள் வையுங்கள். கடையில் ஆக்டிவேட்டட் கார்பன் என்று கேட்டால் இன்னும் நல்லது. பார்வைக்காக வெளியே வைக்கவேண்டியதை அடிக்கடி பயன்படுத்திக் கழுவித் துடைத்து வையுங்கள், தினம் புழங்கும் வெள்ளி டம்ளர் கறுப்பதில்லை. பூசணிக்காயைக் கூட்டு வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். கல் பதித்ததையும் முத்து வைத்ததையும் அந்தத் தண்ணீரில் போடாதீர்கள். கடைகளில் ஆக்சிடைஸ்டு என்று விற்கிறார்களே, அதையும்தான். பெயர் ஆக்சைடு என்றாலும் அதன் குழிவுகளில் இருப்பது வேண்டுமென்றே ஏற்றிய சல்பைடு. நான் உற்சாகத்தில் ஒரு பிள்ளையாரை இறக்கிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் கண், தும்பிக்கை மடிப்பு, பூணூல் என்று எல்லாக் கோடும் போய் மொழுமொழுவென்று வெளியே வந்தார். இப்போது எங்கள் சைடுபோர்டில் கடைசியாக, மணி பிளான்டுக்குப் பின்னால் இருக்கிறார்.