ஐசியூ சிஸ்டரின் மனம் எங்கே புண்படுகிறது?

வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர். தீவிர சிகிச்சைப் பிரிவின் அடிப்படைக் கணக்கு இது. 2021 ஏப்ரல் கடைசியில் பெங்களூரில் ஒரே நாளில் 20,000 பேருக்கும் மேல் கொரோனா உறுதியானபோது இந்தக் கணக்கு நொறுங்கியது. ஒரே சிஸ்டர் மூன்று, நான்கு படுக்கைகளுக்கு ஓடினார். அவருக்கு வந்ததை 'வேலைப்பளு' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். வெறும் பளு என்றால் நாலு நாள் தூங்கினால் தீர்ந்திருக்க வேண்டுமே.

மூக்கு வழியாக ஆக்சிஜனை வேகமாகச் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை தள்ளும். அது முழு ஆக்சிஜனில் ஓடினால் 7,000 லிட்டர் பிடிக்கும் பெரிய சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அடுத்த சிலிண்டர் வரவில்லை. அல்லது மூச்சு சீராக நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டும்: தலைமாட்டில் ஒருவர் சுவாசக் குழாயைப் பிடிக்க, பக்கத்துக்கு இருவராவது வேண்டும், வார்டில் இருப்பதோ மொத்தம் மூன்று பேர். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, இறங்கிக்கொண்டே போகிறது. செய்ய வேண்டியது என்னவென்று சிஸ்டருக்குத் தெரியும், செய்ய வழியில்லை. இந்த வேதனைக்கு 'அறத் துயரம்' என்ற பொருளில் 1984-இல் பெயர் வைத்தவர் ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற அமெரிக்க அறநெறி அறிஞர். செவிலியர் பணியைப் பற்றி எழுதும்போதுதான் அந்தப் பெயரை வைத்தார். ஆள் பற்றாக்குறையால் நேர்ந்த மரணத்தை மனம் தன் கணக்கில் எழுதிக்கொள்வதுதான் இதில் கொடுமை.

மூளையிலும் இதற்குத் தடம் உண்டு. அச்ச நொடியில் சுரக்கும் நாரட்ரினலின் என்ற வேதிப்பொருளால், மூளையில் அச்சத்தை உணரும் பகுதியான அமிக்டலா அலாரச் சத்தத்தையும் சானிடைசர் வாடையையும் ஆழமாகப் பதித்துவிடுகிறது. 'இது அங்கே, அன்று நடந்தது' என்று இடம், காலம் சேர்த்துப் பதிய வேண்டிய ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதி பின்தங்கிவிடுகிறது. அதனால்தான் வீட்டில் வாஷிங் மெஷின் 'பீப்' என்றாலும் நெஞ்சு படபடக்கிறது. 2020 ஜூன், ஜூலையில் இங்கிலாந்தின் 9 ஐசியூக்களில் 709 ஊழியர்களிடம் வினாத்தாள் கொடுத்துப் பார்த்தார்கள். 40 சதவீதம் பேரின் பதில்கள் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருக்கலாம் என்ற அளவைத் தொட்டன.

நைட் டூட்டி இதை முற்ற வைக்கும். காலை வெயில் கண்ணில் பட்டதும் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் ஹார்மோன் குறைகிறது, தூக்கம் துண்டு துண்டாகிறது, நினைவு ஆறுவதில்லை. வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போடுவது, இரவு இரண்டு மணிக்கு மேல் காபியைத் தவிர்ப்பது இரண்டும் உதவும். காபியின் வீரியம் பாதியாகவே ஐந்து மணி நேரம் ஆகும்.

நிர்வாகங்கள் செய்யும் பெரிய தவறு, ஒரு மரணத்துக்குப் பிறகு எல்லாரையும் உட்கார வைத்து நடந்ததைக் கட்டாயமாகச் சொல்ல வைப்பது. அந்த ஒற்றை அமர்வு நோயைத் தடுப்பதில்லை. சிலருக்கு நிலைமையை மோசமாக்கியதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஷிஃப்ட் மாறும் ஹேண்ட்ஓவரில் பத்து நிமிடம் ஒதுக்கி, "பிரஷர் இறங்கியது ஆக்சிஜன் லைனில், உங்க கையில தப்பு இல்ல சிஸ்டர்" என்று இன்சார்ஜ் உண்மைக் காரணத்தைச் சொல்வது அதைவிட மேல். புதியவரைப் பழகிய ஒருவரோடு ஜோடி சேர்ப்பதும் நல்லது.

ஒரு மாதத்துக்கு மேல் கெட்ட கனவும் திடுக்கிடலும் நீடித்தால் சிகிச்சை தேவை. பெங்களூரில் டூட்டியில் நாள் முழுக்கக் கன்னடமும் ஆங்கிலமும் பேசும் தமிழ் சிஸ்டருக்கு மனம்விட்டு அழத் தாய்மொழி வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். பெங்களூர் ஒசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பலர் தாமாகக் கேட்க மாட்டார்கள். குறிப்பிட்ட ஒரு படுக்கைப் பக்கம் டூட்டி வேண்டாம் என்று ஒரு சிஸ்டர் திரும்பத் திரும்பக் கெஞ்சினால், இன்சார்ஜ் அதை அடம் என்று நினைத்துவிடக் கூடாது. அதுவே நோயின் அறிகுறியாக இருக்கலாம்.