எண்ணெயிலிருந்து பட்டு வராது

பட்டுப்புழுவின் கடைசிப் பருவமான ஐந்தாம் பருவம், நாலாம் நாள். இலையோடு வெட்டிய மல்பெரித் தண்டு பரப்பிய படுக்கை முழுக்கப் புழுக்கள் தலையைத் தூக்கியபடி, இலையைக் கடிக்காமல் கிடக்கின்றன. இலை பளபளக்கிறது, கூடு கனக்கும் என்று அதன்மேல் எண்ணெய் தெளித்திருக்கிறார்கள். கேட்டால் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "வீட்டுச் செக்கில் ஆட்டின கடலை எண்ணெய்தான் சார், கெமிக்கல் எதுவும் இல்லை."

செக்கா பாக்கெட்டா என்று புழு பார்ப்பதில்லை. அது மூச்சு விடுவது பக்கத்துக்கு ஒன்பதாக உடம்பில் இருக்கும் துளைகளால். எண்ணெய் பட்ட இலைமேல் புழு ஊர்ந்தால் அவை அடைபடும்.

"எண்ணெய் கொடுத்தால் புழு கொழுக்கும், கூடு கனக்கும்" என்ற பேச்சுதான் எரிச்சலூட்டுகிறது. பட்டு என்பது புரதம். கிளைசின், அலனின், செரின் எல்லாம் சேர்ந்த இழை. அதற்கு நைட்ரஜன் வேண்டும். எண்ணெயில் நைட்ரஜனே கிடையாது. புழுவுக்குக் கொழுப்பு தேவை என்பது உண்மைதான். லினோலிக், லினோலெனிக் அமிலம் இல்லாமல் அது ஒழுங்காக வளராது. ஆனால் அவை இரண்டும் நல்ல மல்பெரி இலையிலேயே இருக்கின்றன. செயற்கை உணவில் சோயா எண்ணெய் சேர்க்கிறார்களே என்கிறீர்களா? அங்கே எண்ணெய் மாவுக்குள் கலந்து கிடக்கிறது, இலைமேல் வழியவில்லை. மிச்சக் கொழுப்பு போய்ச் சேருவது கூட்டுப்புழுவின் உடம்பில். நூல் எடுப்பவருக்கு வேண்டியதோ ஓடு, அதாவது கூட்டின் பட்டு உறை.

"எரிப் பட்டுப்புழு ஆமணக்கைத்தானே தின்கிறது, விளக்கெண்ணெய் கொடுத்தால் என்ன?" அது வேறு இனம். அதுவும் தின்பது இலையை, கொட்டையின் எண்ணெயை அல்ல.

வேப்பெண்ணெய் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதிலுள்ள அசாடிராக்டின் புழுவைத் தின்ன விடாது, தோலுரிப்பையும் கெடுக்கும். அதனால்தானே பயிரில் புழுவுக்கு அடிக்கிறோம்! மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடித்த தெளிப்பானை வளர்ப்பு மனைக்குள் கொண்டுவராதீர்கள். அடித்த தோட்டத்து இலையையும் முதலில் இருபது புழுவுக்குக் கொடுத்து, ஒரு நாள் பார்த்துவிட்டுப் பறியுங்கள்.

ஆய்வுக்கூடங்களில் தாவர எண்ணெய்களைக் குறைந்த செறிவில், எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் குழம்பாக்கி சேர்த்துச் சோதித்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுச் சோப்புத்தூள் போட்டுக் கலக்கி அடிப்பது இன்னொரு கொடுமை.

பார்த்தே தீருவேன் என்பவர்கள் இளம்புழுவைத் தொடாதீர்கள். நாலாம் தோலுரிப்பு முடிந்து எல்லாம் எழுந்தபின் 100 புழுவைத் தனித் தட்டில் விட்டு எண்ணெய் தெளித்த இலை கொடுங்கள். அதே தொகுதியிலிருந்து இன்னொரு 100 புழுவுக்கு வெறும் இலை. தெளித்த இலை நிழலில் ஈரம் போகக் காயட்டும். கடைசியில் இரண்டு தட்டிலும் 25 ஆண் கூடு, 25 பெண் கூடு எடுத்து எடை போட்டு, அறுத்து, உள்ளே இருப்பதை நீக்கிவிட்டு ஓட்டின் எடையை மட்டும் பாருங்கள். ஓட்டு எடையைக் கூட்டு எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓட்டுச் சதவீதம். ஆண், பெண் எண்ணிக்கை சமமில்லாவிட்டால் கணக்கு பொய் சொல்லும். பெண் கூடு எப்போதும் கனம்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களா? புழுவைத் தண்ணீரில் கழுவாதீர்கள், தயவுசெய்து. மேலே வலை விரித்துச் சுத்தமான தண்டு போடுங்கள். தெம்புள்ளவை ஏறி வரும். அடிப்படுக்கையை அப்படியே அகற்றுங்கள். செத்ததைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் போட்டுப் புதையுங்கள், தோட்டத்தில் வீசாதீர்கள்.