நடந்தால் மட்டும் போதுமா? கெண்டைச்சதையையும் கொஞ்சம் நீட்டுங்கள்

சேலத்தில் என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்களில் குதிகால் வலிக்காரர்கள் நிறைய. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் நாலைந்து அடி வைப்பதற்குள் உயிர் போய்விடும். கொஞ்சம் நடந்தால் தணியும். “தினமும் காந்தி ஸ்டேடியத்துல வாக்கிங் போறேனே, எனக்கு எப்படி வந்துச்சு?” என்பதுதான் பலருடைய கேள்வி.

அவர்களைச் சுவரில் கை ஊன்றி, பாதம் முழுவதையும் தரையில் பதித்து, முழங்காலை முன்னால் கொண்டுவரச் சொல்வேன். பலருக்குக் குதிகால் உடனே எழும்பிவிடும். கெண்டைச்சதை அவ்வளவு இறுகியிருக்கும். சமதரையில் நடக்கவே கணுக்கால் சுமார் 10 டிகிரி மேல்நோக்கி மடங்க வேண்டும். மடங்காவிட்டால் அந்தச் சுமையை, குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் அடிச்சவ்வு தாங்குகிறது. குதிகால் வலி அதனால்தான் வருகிறது. ஏற்காட்டு மேட்டில் ஏறுவதற்கு இன்னும் அதிகம் மடங்க வேண்டும்.

நடை இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது, விடவே கூடாது. ஆனால் நடக்கும்போது இடுப்பும் முழங்காலும் தங்களால் முடிந்ததில் கொஞ்சம்தான் அசைகின்றன. மீதி அசைவைப் பயன்படுத்தாமல் விட்டால் அது குறைந்துகொண்டே போகும். கொலுசுப் பட்டறையில் சம்மணமிட்டு, கழுத்தைக் குனிந்து பற்றவைக்கிறவர்களைப் பாருங்கள்: நாள் முழுக்க வேலை செய்த உடம்புதான், ஆனால் நிமிர்ந்து கையை நேராகத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னால் திணறுகிறார்கள். விசைத்தறியில் நின்றே வேலை பார்ப்பவர்களுக்குத் தொடையின் பின்பக்கமும் கெண்டையும் இறுகிவிடுகின்றன. உழைப்பு வேறு, உடல் முழுதாக மடங்கி நிமிர்வது வேறு. இரண்டும் வேண்டும்.

சரி, எப்போது செய்வது? தூங்கி எழுந்தவுடன் வெடுக்கென்று இழுக்காதீர்கள். வாக்கிங் முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போது செய்யுங்கள். அதே சுவர் நிலைதான்: ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையிலேயே அழுத்தி, முன்னால் சாயுங்கள். கெண்டையில் இழுவை தெரிய வேண்டும், வலி கூடாது. 30 விநாடி அப்படியே நிறுத்துங்கள். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு முறை. வாரத்தில் 2, 3 நாளாவது செய்ய வேண்டும், தினமும் செய்தால் இன்னும் நல்லது. குதித்துக் குதித்து இழுத்தால் தசை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எதிர்த்து இறுகும்.

ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டிலிருந்து நடந்து இறங்கிய மறுநாள் தொடை கடுப்பதை ஸ்ட்ரெச்சிங் பெரிதாகத் தடுக்காது. இறக்கத்தில் தொடைத்தசை சுமையைத் தாங்கியபடியே நீள்வதால் வரும் கடுப்பு அது. சில நாளில் தானே போய்விடும். அதற்குத் தொடையைப் பலப்படுத்தும் பயிற்சிதான் உதவும்.

இடுப்பிலிருந்து பாதம் வரை மின்சாரம் பாய்வதுபோல வலித்தால் காலை நீட்டி இழுக்க வேண்டாம். அது நரம்புத் தொந்தரவாக இருக்கலாம், இழுத்தால் கூடும். முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களை நான் தனியாகக் கவனிப்பேன். நாள்பட்ட சர்க்கரை, மூட்டைச் சுற்றியுள்ள திசுக்களை விறைக்க வைக்கிறது. தோள்பட்டை இறுகிப்போவதும் அவர்களுக்கே அதிகம். கணுக்கால் மடங்காதபோது முன்பாதத்தில் அழுத்தம் கூடும். அதோடு பாதம் மரத்தும் போயிருந்தால் புண் வந்தாலும் தெரியாது. அதனால் கெண்டையை நீட்டத் தொடங்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கொப்புளமோ வெடிப்போ இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். பயிற்சியைப் பிறகு தொடங்கலாம்.