கண்ணை மூடச் சொல்வதற்கு முன்

மனம் பதறுகிறது என்று யாராவது சொன்னால், கண்ணை மூடி மூச்சை நன்றாக இழுத்து விடச் சொல்வது இன்று எல்லோருக்கும் பழகிவிட்டது. தேர்வுப் பயத்துக்கும் வேலை நெருக்கடிக்கும் அது பெரும்பாலும் உதவுகிறது. ஆனால் விபத்து, குடும்ப வன்முறை, பாலியல் தாக்குதல், கொத்தடிமை வாழ்க்கை ஆகியவற்றிலிருந்து மீண்டு வந்தவர்களிடம் இதே பயிற்சி சில வேளைகளில் பதற்றத்தைக் கூட்டிவிடுவதை, வேலூரிலும் சுற்றுப்புற ஊர்களிலும் உளவியல் ஆலோசகராகப் பணிபுரியும் நான் அடிக்கடி பார்க்கிறேன். (இதில் வரும் எடுத்துக்காட்டுகள் பலரின் அனுபவங்களை இணைத்து, அடையாளம் மாற்றி எழுதப்பட்டவை.)

ஆபத்தை உணர்ந்ததும் மூளையின் அமிக்டலா பகுதி எச்சரிக்கை விடுக்க, பரிவு நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்பட்டு, அட்ரினலின் சுரந்து, இதயத்துடிப்பு ஏறி, தசைகள் இறுகுகின்றன. ஆபத்து நீங்கியபின் எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் உடலைத் தணிக்க வேண்டும். பேரதிர்ச்சிக்கு உள்ளானவர்களில் சிலருக்கு இந்தத் தணிவு முழுமையாக நிகழ்வதில்லை. நெடுஞ்சாலை விபத்தில் உயிர் தப்பிய லாரி ஓட்டுநர் ஒருவர், தெருவில் சவ ஊர்வலத்துக்குப் போடும் சரவெடி கேட்டாலே கட்டிலுக்குக் கீழே பதுங்கிவிடுவார். மாசி மாதம் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும்போது அவர் ஊரிலேயே இருப்பதில்லை. வெடி எது, விபத்து எது என்று அவருடைய அறிவுக்கு நன்றாகத் தெரியும். உடல்தான் அந்த வேறுபாட்டுக்குக் காத்திருப்பதில்லை.

மூச்சுப் பயிற்சிக்கு உடலியல் அடிப்படை உண்டு. மூச்சை வெளியே விடும்போது பத்தாவது கபால நரம்பான வேகஸ் வழியாக இதயத்துடிப்பு சற்றுக் குறைகிறது. ஆகவே உள்மூச்சைவிட வெளிமூச்சை நீட்டிக்கச் சொல்கிறோம். ஆழமாக இழுக்கும்படி மட்டும் சொன்னால், பதற்றத்தில் இருப்பவர் வேகவேகமாக இழுத்து, இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலைசுற்றலும் விரல் மரமரப்பும் வந்து, முன்பைவிட அதிகமாகப் பயந்துபோகிறார். கண்ணை மூடுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றும் ஒரு பெண், "கண்ண மூடுனாத்தான் மேடம் அவரு மூஞ்சி வருது" என்றார். அடித்த கணவரைப் பிரிந்து தாய் வீட்டில் இருந்தபோதும் அப்படித்தான் வந்தது. அவருக்காக நாற்காலியைச் சுவரோரமாக, கதவு கண்ணில் படும்படி மாற்றிப் போட்டேன். கண் திறந்தே இருக்கட்டும், பாதம் தரையில் பதியட்டும் என்றேன். எதில் கை வைத்தால் மனம் நிற்கும் என்று கேட்டபோது நூல் கேட்டார். பீடிக்கு நூல் கட்டிப் பழகிய விரல்கள் என்பதால், நூலை மெதுவாகச் சுற்றும் நேரத்துக்கு ஏற்ப மூச்சை விட அவருக்கு வந்தது. எந்தப் பயிற்சி என்பதை அவர் தேர்ந்தெடுத்ததும், வேண்டாம் என்றால் அந்தக் கணமே நிறுத்திவிடலாம் என்று அவர் அறிந்திருந்ததும் நூலைவிட முக்கியமானவை. உடல்மேல் தனக்கு உரிமையே இல்லை என்ற நிலையில் வாழ்ந்தவரிடம், உதவுகிறேன் என்ற பெயரில் இன்னொருவர் கட்டளையிடக் கூடாது.

எல்லோரும் படபடப்போடு வருவதில்லை. சிலர் பேச்சு பாதியில் நின்று, பார்வை நிலைகுத்தி, கை கால் மரத்து, "யாரோ தூரத்துல பேசற மாதிரி இருக்கு" என்பார்கள். வீட்டார் இவர்களைத்தான் நல்ல அமைதி என்று நினைக்கிறார்கள். ஏற்கெனவே உறைந்துபோன உடலை மேலும் தணிக்கும் பயிற்சி இங்கே பொருந்தாது. எழுந்து நிற்கச் செய்வது, இரு உள்ளங்கைகளால் சுவரை அழுத்தச் சொல்வது, அறையில் தெரியும் பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணச் சொல்வது, எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுப்பது ஆகியவை உதவும். குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்தும் முறை இதயத்துடிப்பைத் திடீரெனக் குறைக்கக்கூடும் என்பதால், இதய நோயாளிகளுக்கு அதைச் சொல்லித் தருவதில்லை. படபடப்பு மட்டுமே குறை என்று வருபவரை முதலில் தைராய்டு, இரத்தசோகைப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுகிறேன்.

வேகஸ் நரம்பைச் சில நிமிடங்களில் சரிசெய்யலாம் என்னும் காணொளிகள் பெருகிவிட்டன. பாதுகாப்பு உணர்வையும் உறைந்துபோவதையும் வேகஸ் நரம்பின் வெவ்வேறு கிளைகளோடு இணைத்து, அமெரிக்க உளவியலாளர் ஸ்டீபன் போர்ஜஸ் 1994-இல் முன்வைத்த பாலிவேகல் கோட்பாட்டிலிருந்து கிளைத்தவை அவற்றுள் பல. அந்தக் கோட்பாட்டின் உடலியல் அடிப்படையையே ஏற்காத ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பயிற்சி பயன்படுவது வேறு, அதற்குச் சொல்லப்படும் விளக்கம் உறுதியானது என்பது வேறு. எனவே, உங்கள் நரம்பு பழுதாகிவிட்டது என்று யாரிடமும் நான் சொல்வதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு உள்ள பெரியவர்களுக்கு, அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் ஈஎம்டிஆர் என்னும் கண் அசைவுச் சிகிச்சையையும் பரிந்துரைத்தது. உடலைத் தணிக்கும் பயிற்சிகள், அந்தச் சிகிச்சையில் நினைவுகளை எதிர்கொள்ளும்போது ஒருவர் நிலைகுலையாமல் இருக்கத் துணைநிற்பவை. மாதக்கணக்கில் மூச்சுப் பயிற்சி மட்டுமே நடந்து, நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் பேசப்படாவிட்டால், சிகிச்சையாளரும் அந்த நினைவைத் தவிர்க்கிறாரோ என்று ஐயப்பட வேண்டும். இன்னும் அடி விழும் வீட்டுக்கே திரும்பிச் செல்லும் பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது பெண்களுக்கான 181 உதவி எண்ணும் தங்குவதற்குப் பாதுகாப்பான இடமும். அவருடைய பயம் கோளாறன்று, சரியான கணிப்பு.

நோயாளியுடன் உறவினரும் தங்கி சிகிச்சையில் பங்கேற்பது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மனநல மையத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். வீட்டாருக்கும் கற்றுத்தர வேண்டும் என்று நான் வலியுறுத்துவதும் அந்த வழக்கத்தை ஒட்டித்தான். ஒருவர் உறைந்துபோனால் முகத்தில் தண்ணீர் அடிக்க வேண்டாம், உலுக்க வேண்டாம், கையில் இரும்புச் சாவியைத் திணிக்க வேண்டாம். சற்றுத் தள்ளி, கண்ணில் படும்படி அமர்ந்து, அவர் பெயரையும் இடத்தையும் நேரத்தையும் நிதானமாகச் சொல்லுங்கள். தொடுவதற்கு முன் கேளுங்கள். தர்காவிலோ கோயிலிலோ மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தால் அவிழ்க்க வேண்டியதில்லை, சிகிச்சையும் சேர்ந்து நடக்கட்டும். வலிப்புப் போல முதல் முறையாக வந்தால் அதிர்ச்சியின் விளைவு என்று நீங்களே முடிவுகட்டாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வேலூர் அருகே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ இரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.