புதுமைப் பெண் 1,000 ரூபாய்: சமூகப்பணி படிக்கப் போகிறவர்கள் சிக்கும் இடங்கள்

எங்கள் தெருப் பெண் ஒருத்தி பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி இளநிலை) சேர்ந்தாள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, சந்தேகமே இல்லாத தகுதி. ஆனாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வர வேண்டிய ஆயிரத்தில் ஒன்றரை வருடமாக ஒரு ரூபாய் கூட அவள் கண்ணில் படவில்லை. கல்லூரியில் கேட்டால் "அனுப்பியாச்சு", பள்ளியில் கேட்டால் "கல்லூரியில கேளும்மா", வங்கியில் கேட்டால் "ஆதார் இணைச்சிருக்கே". மூன்று பேர் சொன்னதும் பொய்யில்லை, அதுதான் எரிச்சல். பள்ளிக்கூட உதவித்தொகைக்காக எப்போதோ திறந்து மறந்துபோன வேறொரு வங்கிக் கணக்கில் பணம் மாதாமாதம் விழுந்துகொண்டிருந்தது. அதற்குள் அவள் அம்மா களப்பணிக்கான பஸ் காசுக்குக் கடன் வாங்கியாகிவிட்டது.

திட்டத்தின் முழுப்பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். முன்பு திருமண உதவியாக இருந்ததை 2022 செப்டம்பர் 5 முதல் படிப்புக்கு மாற்றினார்கள். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் வந்தது தமிழ்ப் புதல்வன் திட்டம். வருமான வரம்பு கிடையாது, சாதி கேட்பதில்லை, வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்றும் பார்ப்பதில்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. "உனக்குத்தான் ஏற்கெனவே ஸ்காலர்ஷிப் வருதே" என்று எந்த மேசையில் சொன்னாலும் நம்பாதீர்கள்.

முதல் பொறி பள்ளி. ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு வருடமும் அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளி என்றால் போச்சு. கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, ஆனால் அதைக் கேட்டால்தான் சொல்வார்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளைப் பின்னால் சேர்த்தார்கள், அதுவும் தமிழ் வழிக்கு மட்டும். அதே பள்ளியில், அதே கட்டடத்தில், ஆங்கில வழிப் பிரிவில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குக் கிடையாது. அரசுப் பள்ளியில் எந்த வழியில் படித்தாலும் பிரச்சினை இல்லை.

இரண்டாவது, எதில் சேர்கிறீர்கள் என்பது. குழந்தைகளோடும் குடும்பங்களோடும் வேலை செய்ய ஆசை என்று சொல்லும் பிள்ளைகளைக் குறிவைத்து ஆறு மாதக் "குழந்தை உளவியல் டிப்ளமோ" விற்கிற கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அங்கீகாரமில்லாத அந்தக் காகிதத்துக்கு இந்த ஆயிரமும் வராது, வேலையும் வராது. சிறப்புக் கல்வி (மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் படிப்பு) படிப்பதானால் இந்திய மறுவாழ்வு மன்றம் அந்தப் படிப்பை அங்கீகரித்திருக்கிறதா என்று கட்டணம் கட்டும் முன்பே பாருங்கள். தொலைநிலைக் கல்விக்கும் இந்தப் பணம் கிடையாது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம் என்று அதில் சேருகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

சரி, தகுதி இருக்கிறது, கல்லூரியும் சரியானது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும், அதற்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். "அப்ளை பண்ணியாச்சா சார்?" என்று கேட்டால் "ஆச்சு" என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்காதீர்கள். "என் நிலை என்னவென்று திரையில் காட்டுங்கள், எந்த விவரம் பொருந்தவில்லை?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பள்ளி மாணவர் விவரங்கள் இருக்கும் எமிஸ் பதிவிலும் ஆதாரிலும் பெயர் வேறு வேறாக இருக்கும், ஓர் இனிஷியல் முன்பின்னாக இருந்தாலே போதும். பொருந்தாத அந்த ஒரு விவரத்தை எழுதி வாங்கிக்கொண்டால் பள்ளிக்கு ஒரே தடவை போனால் போதும். வாங்காமல் போனால் பள்ளி, முதன்மைக் கல்வி அலுவலகம், மாவட்ட சமூக நல அலுவலகம் என்று சுற்ற விடுவார்கள், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். ஆதாரில் இருக்கும் செல்போன் எண்ணும் உயிரோடு இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓடிபி யாருக்கோ போகும்.

அப்புறம் வங்கி. கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு, அரசுப் பணம் வரும் கணக்காக அதை ஆதாரோடு இணைத்து வைப்பது வேறு. வங்கியில் பலருக்கு இந்த வித்தியாசம் சொல்ல நேரமில்லை. எத்தனை கணக்கு வைத்திருந்தாலும் அப்படி இணைந்திருப்பது ஒன்றே ஒன்றுதான், பணம் அங்கேதான் போகும். எது என்று அறிய வரிசையில் நிற்க வேண்டாம், மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போனால் வங்கியின் பெயரையே காட்டும். எங்கள் தெருப் பெண்ணுக்கு இது இரண்டு நிமிட வேலையாக முடிந்தது, ஒன்றரை வருடம் கழித்து.

இன்னொன்று, சேரும்போது யாரும் சொல்வதில்லை. இந்த ஆயிரம் இளநிலையோடு நின்றுவிடும், சமூகப்பணி முதுநிலையான எம்.எஸ்.டபிள்யூ.வுக்குக் கிடையாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளர் வேலைக்கு இளநிலை போதும், மேலே போகப் போக முதுநிலை கேட்பார்கள், அத்தனையும் பெரும்பாலும் ஒப்பந்த வேலை என்பது தனிக் கதை. ஆகவே அந்த இரண்டு வருடத்துக்கு வேறு வழியை இளநிலை மூன்றாம் ஆண்டிலேயே தேடுங்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை இருக்கிறது. அதில் ஒன்றிய அரசின் 60 சதவீதப் பங்கு இப்போது மாணவர் கணக்குக்கே வருகிறது. வந்த பணத்தில் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய கட்டணமும் இருக்கும், அது வீட்டுச் செலவில் கரைந்துவிட்டால் கடைசியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகும் நாளில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும். கட்டியதற்கு ரசீதும் கேட்டு வாங்குங்கள்.